கடற்கரை ரிசார்ட்: ஐந்து பேருக்கு சூட்டா, இரண்டு ரூமா, எந்தப் பக்கம், எந்தத் தளம்?

பயணப்பை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு ஒரு தீவு ரிசார்ட்டுக்குப் போகிறோம். நானும் மனைவியும், 9 வயது மகள், 4 வயது மகன், கூடவே என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம்.

தீவு நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது, ரிசார்ட் அதன் மேற்குக் கரையில். பிரதான கட்டடம் தரைத்தளமும் மூன்று மாடியும், "ப" வடிவம். திறந்த பக்கம் கடலைப் பார்த்து இருக்கிறது, நடுவில் நீச்சல் குளம். அதுபோக மணல் ஓரமாகத் தனி வில்லாக்கள், தண்ணீர் மேல் ஒரு வரிசை வில்லாக்கள்.

ரூம் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றுகிறது. கார்டன் வியூ, பார்ஷியல் ஓஷன் வியூ, ஓஷன் வியூ, ஓஷன் ஃப்ரண்ட், ஸ்விம்-அப், ஜூனியர் சூட், ஒன் பெட்ரூம் சூட், பீச் வில்லா, வாட்டர் வில்லா. எல்லாப் படத்திலும் அதே வெள்ளை விரிப்பு, அதே நீலக் கடல்.

ஒரு சூட் எடுப்பதா, இரண்டு ரூம் எடுப்பதா? கடல் தெரியும் ரூமுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகுமா? எந்தத் தளம் நல்லது? பிள்ளைகள் திண்ணையிலிருந்து நேரே குளத்தில் இறங்கும் ஸ்விம்-அப் ரூம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

---

முன்மேசை

முதலில் ஆள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள், காட்சியெல்லாம் அப்புறம். மூன்று பெரியவர், இரண்டு குழந்தை என்றாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும். ஜூனியர் சூட் என்பது பெயரளவில்தான் சூட். ஒரே அறை, ஒரு மூலையில் சோஃபா, நடுவில் அரைச்சுவரோ திரையோ இருக்கும். பல இடங்களில் அதன் உச்சவரம்பு இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை. ஐந்தாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் போடச் சம்மதித்தாலும், 90 செ.மீ. அகல மடக்குக் கட்டில் வந்தபிறகு பால்கனிக் கதவு திறக்குமா என்பதே கேள்வி.

ஒன் பெட்ரூம் சூட்டில் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவே உண்மையான கதவு இருக்கும், அது வரைக்கும் சரி. ஆனால் தளவரைபடத்தை வாங்கிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது பாத்ரூமுக்கு வழி எங்கே என்பதை. படுக்கையறைக்குள் நுழைந்துதான் போக முடியும் என்றால், ஹாலில் சோஃபா பெட்டில் படுப்பவர் ராத்திரி எழும்போதெல்லாம் உள்ளே படுத்திருப்பவர் தூக்கம் போகும். ஹாலுக்குத் தனி ஏசி கட்டுப்பாடு இருக்கிறதா என்பது இரண்டாவது. ஒரே தெர்மோஸ்டாட், அதுவும் படுக்கையறையில் இருந்தால், கதவைச் சாத்தியதும் ஹால் சூடேறிவிடும். அப்புறம் சோஃபா பெட். பிள்ளைகளுக்குப் போதும், முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. தாழ்வாக இருப்பதால் எழுந்திருக்கவே பாடு.

உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தம் கனெக்டிங் ரூம் இரண்டு. அம்மாவும் மகளும் ஒன்றில், நீங்கள் இருவரும் மகனும் மற்றொன்றில். பாத்ரூம் இரண்டு, ஏசி இரண்டு, பால்கனி இரண்டு. சூட்டின் சோஃபாவும் சாப்பாட்டு மேசையும் கிடைக்காது, அவ்வளவுதான் நஷ்டம்.

இங்கே ஒரு வார்த்தையில் கோட்டை விடுபவர்கள் அதிகம். கனெக்டிங் என்றால் இரண்டு ரூமுக்கும் நடுவே உள்கதவு உண்டு. அட்ஜாயினிங் என்றால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ரூம் மட்டும், வராந்தா வழியாகத்தான் போய்வர வேண்டும். அதனால் இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு "நடுவில் உள்கதவு உள்ள இரண்டு ரூம்" என்று விளக்கமாகவே எழுதிக் கேளுங்கள்.

கட்டிலையும் கேளுங்கள். அம்மா, மகள் ரூமுக்கு இரண்டு தனிக் கட்டில். உங்கள் ரூமுக்கு கிங் என்று போட்டிருந்தால் அது ஒரே மெத்தையா, இரண்டு ஒற்றை மெத்தையை ஒட்டிவைத்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டு மெத்தையாக இருந்தால் நடுவில் படுக்கும் 4 வயதுக்காரன் பள்ளத்தில் கிடப்பான். மேலே ஒரு முழு டாப்பர் (மெல்லிய மேல்மெத்தை) போடச் சொன்னால் போடுவார்கள்.

பரப்பளவு எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 45 ச.மீ. என்றால் சுமார் 484 சதுர அடி. அதில் பால்கனி 10 ச.மீ. சேர்ந்திருந்தால் உள்ளே இருப்பது 35தான். உள் அளவைத் தனியாகக் கேளுங்கள்.

---

உப்புக்காற்று

கட்டடத்தின் வடிவமும் திசையும் சொன்னது நல்லதாயிற்று. கடல் மேற்கே என்றால் "ப"வின் அடிப்பகுதி கிழக்கே, கடலைவிட்டுத் தள்ளி, மேற்கைப் பார்த்து நிற்கிறது. இரண்டு கைகளும் கடலை நோக்கி நீள்கின்றன. ரூம் பெயர்களை இந்த வடிவத்தின் மேல் பொருத்திப் பாருங்கள்.

கைகளின் நுனியில் இருப்பவைதான் வழக்கமாக ஓஷன் ஃப்ரண்ட், பெரும்பாலும் அங்கேதான் சூட்களையும் வைப்பார்கள். அடிப்பகுதி ரூம்களில் குளமும் அதைத் தாண்டி நேராகக் கடலும் தெரியும், அது ஓஷன் வியூ. கைகளின் உட்பக்கம் குளத்தையும் எதிர்க் கையின் பால்கனிகளையும் பார்க்கும். கடல் வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இதைத்தான் பார்ஷியல் என்பார்கள், துணிந்த ரிசார்ட் இதையே ஓஷன் வியூ என்றும் விற்கும். கைகளின் வெளிப்பக்கம் கார்டன் வியூ. தோட்டமாகவும் இருக்கலாம், சலவைக்கூடமும் ஜெனரேட்டரும் சரக்கு வண்டி வரும் வழியுமாகவும் இருக்கலாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டையான பெரிய கூரை, பக்கத்தில் வண்டிகள் திரும்புகிற தார்த்தரை இரண்டும் தெரிந்தால் அது சேவைப் பகுதி. கையும் அடியும் சேரும் உள்மூலையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே பக்கத்துப் பால்கனி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

வெயில் கணக்கு முக்கியம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 10 பாகை வட அகலாங்கில் நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து சுமார் 57 பாகை உயரத்தில்தான் நிற்கும், அதுவும் தெற்குப் பக்கமாக. உங்கள் கட்டடத்தில் வடக்குக் கையின் உட்பக்கம் தெற்கைப் பார்க்கிறது, ஆகவே பால்கனியில் பகல் முழுக்க வெயில். தெற்குக் கையின் உட்பக்கம் வடக்கைப் பார்ப்பதால் அந்த மாதத்தில் வெயிலே விழாது. ஜூனில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதே ரூமைப் பற்றி "இருட்டு" என்று ஒருவரும் "கொளுத்துகிறது" என்று இன்னொருவரும் எழுதியிருந்தால், யார் எந்த மாதம் போனார் என்று பாருங்கள்.

மேற்கைப் பார்த்த அடிப்பகுதி ரூம்களில் அஸ்தமனம் அழகு, ஆனால் விலை உண்டு. சாயங்காலம் 4 மணிக்குமேல் சூரியன் 25 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு மீட்டர் ஆழப் பால்கனிகூட அந்தச் சாய்வு வெயிலைத் தடுக்காது. நேராகக் கண்ணாடிக்குள் வரும், கடல் மேல் பட்ட ஒளியும் சேர்ந்துகொள்ளும். 3 மணிக்கே கனத்த திரையை இழுத்துவிட்டால் சமாளிக்கலாம். 4 வயதுக் குழந்தையை மதியம் தூங்கவைக்கிறவர்களுக்கு நிழல் பக்கமே நிம்மதி. ஆனால் நிழல் பால்கனியில் ஈர நீச்சலுடை மறுநாள் காலையிலும் நசநசவென்றுதான் இருக்கும். அதற்கு பாத்ரூமில் இழுகொடி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஈரம். ரூம் நாற்றம் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. வெப்பமண்டலக் கரையில் வெளிக்காற்றின் பனிப்புள்ளி சாதாரணமாக 24, 25 பாகை செல்சியஸ். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மேல் அந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் கோக்கும். ரூமை 19ல் வைத்துவிட்டு அலை ஓசை கேட்கப் பால்கனிக் கதவைத் திறந்தால் கண்ணாடி, டைல்ஸ், ஏசியின் வாய் எல்லாம் வியர்க்கும், உத்தரத்தில் கறுப்புப் புள்ளி வரும். கதவு திறந்தால் ஏசி தானாக நிற்கும்படி காந்த சுவிட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான். அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள். 24 அல்லது 25ல் வையுங்கள். ஃபேனை எப்போதும் ஓடும்படி வைக்காமல் ஆட்டோவில் விடுங்கள். குளிர்விப்பு நின்றபிறகும் ஃபேன் சுற்றினால் ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் கோத்த ஈரம் மறுபடி ரூமுக்கே வரும்.

தரைத்தளமும் மர நிழலும் சேர்ந்த ரூம்களில் பூஞ்சை வாடைக்கு வாய்ப்பு அதிகம். ரூமுக்குள் போனதும் அலமாரியைத் திறந்து முகருங்கள், திரையின் அடி ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். வாசனை ஸ்ப்ரே தூக்கலாக அடித்திருந்தால் அதுவே துப்பு.

---

கீழ்த்தளம்

தளம் பற்றி. "உயரப் போனால் நல்ல காட்சி" என்பது தென்னை இல்லாத கரைக்குத்தான் சரி. வளர்ந்த தென்னை 15 மீட்டருக்கு மேல் போகும். மூன்று மாடிக் கட்டடத்தில் கொண்டையும் மட்டையும் மேல்மாடிக்கு நேரே நிற்கும். முதல் மாடியில் வெறும் தண்டுகள்தான், இடையில் கடல் தெரியும். கரையில் இருப்பது பாதாம் மரமோ வேறு படர்ந்த மரமோ என்றால் இதற்கு நேர்மாறு, முதல் மாடிதான் மறையும். விருந்தினர் எடுத்த படங்களில் பால்கனிக் கம்பி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கம்பியே தெரியாத படம் என்றால் வெளியே எட்டி எடுத்ததாக இருக்கலாம்.

தரைத்தளத்தில் படி இல்லை, மணலுக்கு நேரே இறங்கலாம், அம்மாவுக்கு வசதி. ஆனால் தனிமைக்காக நட்ட வேலிச்செடி நாற்காலியில் உட்கார்ந்தால் கடலையே மறைத்துவிடும். போகிறவர் வருகிறவர் பார்வையும் உள்ளே விழும். மேல்மாடியில் தலைக்குமேல் நடமாட்டச் சத்தம் இல்லை, கூரைச் சூடு மட்டும் உண்டு. என் தேர்வு முதல் மாடி, லிஃப்டிலிருந்து நாலைந்து ரூம் தள்ளி. லிஃப்டை ஒட்டியும் வேண்டாம், ஐஸ் மெஷினுக்கோ ஹவுஸ்கீப்பிங் அறைக்கோ எதிரேயும் வேண்டாம். காலை 7 மணிக்குத் தள்ளுவண்டி உருள ஆரம்பித்துவிடும். ஒரு எச்சரிக்கை: சில நாடுகளில் 1 என்ற எண்ணே தரைத்தளம். "தரைக்கு மேலே ஒரு மாடி" என்று எழுதுங்கள்.

ஸ்விம்-அப் ரூம் விஷயத்தில் பிள்ளைகள் பேச்சைக் கேட்க வேண்டாம். திண்ணையிலிருந்து நேரே தண்ணீர், நடுவில் வேலி கிடையாது, பல இடங்களில் கதவுப் பூட்டும் குழந்தைக்கு எட்டும் உயரம்தான். தண்ணீர் ஆழம் வழக்கமாக 1.2 மீட்டர் வாக்கில். 4 வயதுக் குழந்தையின் உயரமே ஒரு மீட்டர் சொச்சம். நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். தவிர அந்த நீர் உங்களுடையது இல்லை, வரிசையில் உள்ள எல்லா ரூமுக்கும் பொது. திண்ணைக்கு முன்னால் யாராவது மிதந்துகொண்டே இருப்பார்கள்.

மாடியில் பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்குமேல் இருக்கக் கூடாது. கிடைமட்டக் கம்பி என்றால் பையனுக்கு அதுவே ஏணி. போனவுடன் நாற்காலி, மேசையைக் கம்பியிலிருந்து நகர்த்தி வைத்துவிடுங்கள்.

---

பயணப்பை

மிக்க நன்றி. ஸ்விம்-அப் ஆசையை வீட்டில் சொல்லி முடித்தாயிற்று, அழுகை ஓய்ந்தது. இரண்டு சந்தேகம். மனைவிக்கு ஒரு ராத்திரியாவது வாட்டர் வில்லாவில் தங்க ஆசை. கடைசி இரவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளலாமா? பீச் வில்லா எப்படி?

---

ஓதம்

வாட்டர் வில்லாவைக் கடைசி இரவில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். பழைய ரூமைக் காலை 11 அல்லது 12க்குக் காலி செய்ய வேண்டும், புதியது 2 அல்லது 3 மணிக்குத்தான் கைக்கு வரும். அந்த இடைவெளி போக, மறுநாள் விமானத்துக்குக் கிளம்புவதென்றால் வில்லாவில் விழித்திருக்கும் நேரம் ஒரு சாயங்காலம்தான். பெட்டிகளை அவர்களே மாற்றித் தருவார்கள், கட்டிவைத்தால் போதும்.

அதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது குழந்தை அனுமதி. பல இடங்களில் வாட்டர் வில்லாவுக்குக் குறைந்தபட்ச வயது உண்டு, இல்லாவிட்டால் பெற்றோர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மரத்தளத்தின் ஓரத்தில் கைப்பிடி இருக்காது, படி நேரே நீருக்குள் இறங்கும். உங்கள் பையனை அங்கே கூட்டிப்போவதைவிட, அம்மா பிள்ளைகளோடு கனெக்டிங் ரூமில் இருக்க, நீங்கள் இருவர் மட்டும் போவது நல்லது. அம்மாவால் ஓர் இரவு 4 வயதுக்காரனைச் சமாளிக்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தண்ணீர் ஆழம். படத்தில் வில்லாவிலிருந்து குதிப்பது கடல் ஏற்றத்தின்போது எடுத்தது. நடுக்கடல் தீவுகளில் ஏற்றவற்ற வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் ஆழமே இடுப்பளவு உள்ள காயலில் அதில் அரை மீட்டர் போனாலே முழங்கால் தண்ணீர்தான் மிஞ்சும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் இன்னும் கீழே போகும். உங்கள் தேதிக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள், நீந்தத் தோதான நேரம் பகலில் வருகிறதா என்று. பவளப்பாறைப் பக்க வில்லாவில் மீன் பார்க்கலாம், அலைச் சத்தம் தரைக்கு அடியில் அடித்துக்கொண்டே இருக்கும். காயல் பக்கம் அமைதி, கீழே வெறும் மணல்.

மூன்றாவது நடைபாலத்தில் எந்த இடம் என்பது. தொடக்கத்தில் உள்ள வில்லாவுக்கு முன்னால் ஆள் நடமாட்டமும் பேட்டரி கார் பலகையில் தடதடக்கும் சத்தமும் ஓயாது. கடைசி வில்லாவுக்குத் தனிமை உண்டு, ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டி வரலாம். மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வளைவின் வெளிப்பக்கத்தில் கேளுங்கள். வளைவின் உட்பக்க வில்லாக்களின் மரத்தளங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். இரட்டை வில்லா என்றால் பொதுச்சுவர் உண்டு, கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரில் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

காற்று பற்றி யாரும் சொல்லவில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். மேற்குக் கரை அதற்கு மறைவு, அதனால் நீர் அடங்கியிருக்கும், பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அட்லாண்டிக், பசிபிக் தீவுகளில் அந்த மாதங்களில் எங்கோ வடக்கே அடிக்கும் புயலின் அலை வடமேற்கிலிருந்து வந்து மேற்குக் கரையிலும் மோதும். முன்னால் பவளத்திட்டு அரணாக இருக்கிறதா என்பதை வரைபடத்திலேயே பார்க்கலாம், கரைக்குத் தள்ளி நீளமான வெள்ளை நுரைக்கோடு தெரியும்.

காற்று மறைவுக்கு இன்னொரு பலன் பூச்சி. கொசுவைவிட மணல் ஈதான் தொல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுதான், சாதாரணக் கொசுவலைக் கண்ணில் புகுந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் கடிக்கும். சதுப்பு மரங்கள் பக்கத்தில் இருந்தால் அதிகம். காற்றை எதிர்த்துப் பறக்கும் பலம் அதற்கு இல்லை. பால்கனியில் சீலிங் ஃபேன் இருக்கும் ரூமைக் கேட்டு வாங்குங்கள், அந்தியில் பீச் வில்லாத் திண்ணையில் உட்காருவதைக் குறையுங்கள்.

பீச் வில்லா உங்கள் அம்மாவுக்கு வேண்டாம் என்பேன். மணல் பாதையில் முழங்கால் திணறும், சில வில்லாவுக்கு நாலைந்து படியும் இருக்கும். கரை மணல் பருவக்காற்றோடு தீவைச் சுற்றி இடம் மாறுவதால், ஆறு மாதம் முன்பு எடுத்த படத்தில் வாசலில் இருந்த கடற்கரை இப்போது இல்லாமலும் போகும், மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். ஆமை முட்டையிடும் கரை என்றால் இரவில் வெளி விளக்கைப் போடவிட மாட்டார்கள். அது சரியான விதிதான், வழி தெரியச் சிவப்பு டார்ச் எடுத்துப் போகலாம்.

---

முன்மேசை

மேலே எல்லோரும் சொன்னதைச் சேர்த்தால்: தெற்குக் கையின் உட்பக்கம், கடல் முனையை ஒட்டி, தரைக்கு மேலே ஒரு மாடி, உள்கதவுள்ள இரண்டு ரூம். அங்கே பார்ஷியல் என்று விற்றாலும் முனைக்குப் பக்கம் போகப்போகக் கடல் அதிகம் தெரியும், கட்டணம் அதே வகைக்கு அதேதான். ஓஷன் ஃப்ரண்டுக்குத் தரும் கூடுதல் பணத்தை வாட்டர் வில்லா இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். குளத்து பார், மாலை நிகழ்ச்சி மேடை எங்கே என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். "ப"வுக்குள் அடிக்கும் ஸ்பீக்கர் மூன்று சுவரிலும் எதிரொலிக்கும். மேடை தெற்குக் கைக்கு அருகே என்றால் வடக்குக் கைக்கு மாறிவிடுங்கள், வெயிலைத் திரை போட்டு மறைக்கலாம், சத்தத்தை முடியாது.

புக்கிங்கில் வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ரூம் வகை உறுதி, குறிப்பில் எழுதும் வேண்டுகோள் உறுதி இல்லை. உள்கதவு உங்களுக்கு வேண்டுகோளாக இருக்கக் கூடாது, கன்ஃபர்மேஷனிலேயே "உறுதி" என்று வர வேண்டும். இரண்டு ரூமையும் தனித்தனி புக்கிங்காகப் போட்டால் ஒன்றுக்கொன்று இணைத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கணினி இரண்டையும் இரண்டு கோடியில் போட்டுவிடும். ரன் ஆஃப் ஹவுஸ் என்ற மலிவுக் கட்டணம் உங்களுக்கு ஆகாது. எந்த ரூம் மிச்சமோ அதைத்தான் தருவார்கள்.

ரூம் எண் ஒதுக்குவது பெரும்பாலும் வருகைக்கு ஓரிரு நாள் முன்னால். அதனால் மூன்று நான்கு நாள் முன்பு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். உள்கதவு, எந்த மாடி, கட்டடத்தின் எந்தக் கை, லிஃப்டுக்கு மிக அருகே வேண்டாம், அம்மா ரூமில் தொட்டி இல்லாத ஷவரும் கைப்பிடியும், அந்த நாட்களில் பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா. ஆறு விஷயம், ஆறு வரி. நீளமாக எழுதினால் மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். ஷவரை அழுத்திச் சொல்லுங்கள். குளியல் தொட்டியின் விளிம்பு அரை மீட்டர் வரை இருக்கும், முழங்கால் வலிக்காரர் ஈரக்காலோடு அதைத் தாண்டுவது ஆபத்து.

இலவச அப்கிரேட் தருகிறோம் என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். மேல் வகை ரூம் என்பதால் உள்கதவு போய்விடலாம், அல்லது ஸ்விம்-அப்பே கையில் வரலாம். எந்தத் தளம், எந்தப் பக்கம், உள்கதவு உண்டா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மறுப்பதில் தவறில்லை.

ரூமுக்குப் போனதும் பெட்டியைத் திறக்காமல் கால் மணி நேரம் ஏசியை ஓடவிடுங்கள். அதற்குள் வெந்நீர் வருகிறதா, பால்கனிக் கதவு உப்பேறிச் சிக்காமல் ஓடிப் பூட்டுகிறதா, லாக்கர் திறந்து மூடுகிறதா, உள்கதவின் இரண்டு பக்கத் தாழ்ப்பாளும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். உள்கதவு உண்மையில் இரண்டு கதவு, ரூமுக்கு ஒன்று. சில சமயம் ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்திருப்பார்கள். மாற்ற வேண்டுமென்றால் அந்த நேரத்திலேயே கேட்டுவிடுங்கள். சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்தபிறகு காலி ரூம் இருக்காது. உள்கதவு ஜோடியே கிடைக்காமல் போனால், வராந்தாவில் எதிரெதிர் ரூமாக வேண்டாம், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த கதவாகக் கேளுங்கள், பால்கனியிலிருந்து பேசிக்கொள்ளவாவது முடியும்.